கி.மீ. 11/640

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று
ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தோம்.
பத்து மணி என்று போட்டு
பதினொன்றரைக்கு மைக் கத்தியது.
அணைக்கட்டிலிருந்து ஒடுகத்தூர் போகும் சாலையை
ஏழு மீட்டர் அகலமாக்கும் வரைபடம்
சமுதாயக் கூடத்துச் சுவரில்.
ஃபேன் இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
ஒரு மூலை பிய்ந்து ஆடியது.

நான் நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைவாளன்.
அன்றைக்கு எழுதுவது மட்டுமே என் வேலை.
படிவத்தில் மூன்று கட்டம்:
பெயர். ஆதரவு. ஆட்சேபம்.

முதலில் யாரும் பேசவில்லை.
போண்டா வந்தது.
பிறகு எல்லோரும் பேசினார்கள்.

இலவம்பாடிக் கத்திரிக்காய் ஏற்றும் வஜ்ஜிரவேல்
வேகத்தடையே கூடாது என்றார்.
"ஒரு தடைக்கு ரெண்டு கிலோ நசுங்குது.
மார்க்கெட்ல முள்ளப் பாத்துதான் வெல வெக்கிறான்."
பள்ளி வேன் ஓட்டும் அயாஸ் பாஷா
மூன்று தடை கேட்டார்.
"என் லோடு நசுங்கினா வெலயே இல்லண்ணே."
இருவரும் என் பேனாவைப் பார்த்தே பேசினார்கள்,
யார் பேச்சு மையாகிறது என்று.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் வரவில்லை.
அன்று வேலைநாள்.
நோட்டுத் தாளில் பதினாறு கையெழுத்து மட்டும் வந்தது:
நிறுத்தத்தில் ஒரு விளக்கு.

கோதண்டன் புளியமரங்களை எண்ணி வந்திருந்தார்.
முப்பத்தொன்பது.
எங்கள் கணக்கில் முப்பத்திரண்டு.
மிச்சம் ஏழு எங்கே என்று கேட்டபோது
உதவிப் பொறியாளர் தண்ணீர் குடித்தார்.

கடைசியில் சம்பங்கி எழுந்தார்.
மைக் வேண்டாம் என்றார்.
வரைபடத்தின் மேல்
விரலால் நடந்து போனார்.
தோ கோயிலு, தோ பால் சொசைட்டி,
தோ மாட்டாஸ்பத்திரி.
நாங்கள் நீலத்தில் போட்ட சிறுபாலத்தில் நின்றார்.

"இங்க இன்னாத்துக்கு சார் கல்வர்ட்டு?
இங்க தண்ணி வராது.
கானாறு பெருகி வரசொல்ல
ரோட்டத் தாண்டுறது இங்க இல்ல."
விரல் நகர்ந்தது,
மூன்று விரற்கடை தூரம்.
"தோ, இங்க.
மூணு நாளு பஸ்ஸு நிக்குமே, இங்க."

அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம்.
தற்காலிகக் கட்டுமானம், தகரக்கூரை, எண்ணிக்கை ஒன்று.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
"அது உன் டீக்கடதானேம்மா?"
"ஆமா. கடய நவுத்திக்கலாம்.
தண்ணிய எங்க நவுத்துவ?"

ஆதரவா, ஆட்சேபமா,
எந்தக் கட்டத்திலும் அது அடங்கவில்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.

மறுநாள் டேப்போடு போனேன்.
கடையை ஒட்டிய மின்கம்பத்தில்
முழங்காலுக்கு மேலே
போன வெள்ளத்தின் சேறு ஒரு கோடாய்க் காய்ந்திருந்தது.
சென்னை ஆலோசகர்கள் மே மாதத்தில் அளந்தவர்கள்.
மே மாதத்தில் எல்லா இடமும் மேடுதான்.

அறிக்கையில் ஒரே வரி:
பொதுமக்கள் கருத்துகள் உரியவாறு பரிசீலிக்கப்பட்டன.
பெயர் எதுவும் இல்லை.
நீலக்கோடு மட்டும்
இருநூற்று நாற்பது மீட்டர் நகர்ந்திருந்தது.
வேகத்தடை இரண்டு,
வஜ்ஜிரவேலுக்கும் பிடிக்கவில்லை, பாஷாவுக்கும்.
விளக்கு அடுத்த நிதியாண்டில்.
விடுபட்ட ஏழு புளியமரங்களும்
கணக்கில் ஏறிவிட்டன,
வெட்டுவதற்கு.

கார்த்திகையில் அந்தப் பக்கம் போனேன்.
இரவெல்லாம் மழை.
காலுக்கடியில் கானாறு
இரைச்சலோடு குழாய்க்குள் நுழைந்து
அந்தப் பக்கம் வயலாய் விரிந்தது.
பஸ் நிற்காமல் போயிற்று.
எதிர்ப்புறம் அதே தகரத்தின் கீழ் சம்பங்கி.
"முன்ன பஸ்ஸு நின்னா
ஒரு நாளைக்கு முந்நூறு டீ ஓடும்" என்றார்,
யாரையும் குறை சொல்லாமல்.
நஷ்டஈடு வந்ததா என்று கேட்டேன்.
"தற்காலிகம்னு எழுதிட்டீங்களாமே."

அந்த எழுத்து என்னுடையது.

டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.
மீதி ரெண்டு ரூபாய் சில்லறை இல்லை,
அடுத்த தபா வரசொல்ல வாங்கிக்க என்றார்.